பெருமழையும் சுண்ணக்கல் நிலத்து நீரும்: கேள்வி பதில்

கேள்வி (சுன்னாகம்): ஐயா, அடைமழைக்குப் பின் கிணற்றில் அள்ளிய தண்ணீரில் வாளியின் அடியில் செம்மண் படிந்தது, இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. இனிக் குடிக்கலாமா?

பதில்: கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம். நம் யாழ்ப்பாணத்து நிலத்தடிச் சுண்ணக்கல்லில் நீர் கரைத்தெடுத்த வெடிப்புகளும் குகைகளும் வாய்க்கால்களைப் போல இருப்பதால், எருவும் மலசலகூடக் குழியின் கசிவும் சரிவர வடிபடாமலே கிணற்றை அடைந்துவிடும். நம் உறவினர் பலர் வாழும் ஒண்டாரியோவில், வோக்கர்ட்டன் என்னும் ஊரில், 2000 மே மாதம் பெய்த கடும் மழை மாட்டெருக் கிருமியை வெடிப்புள்ள பாறையின் வழியே பொதுக் கிணற்றுக்குள் சேர்த்தது; 7 பேர் இறந்தார்கள், 2,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

கேள்வி (நல்லூர்): மலைப்பகுதிச் சுண்ணக்கல் ஊற்றுகளிலும் இப்படித்தானா?

பதில்: அங்கே இது இன்னும் வேகமாக நிகழ்கிறது. சரிவு கூடியது, மண் மெல்லியது. ஆகவே மழை தொடங்கிச் சில மணிநேரத்திலேயே ஊற்றின் பாய்ச்சல் ஏறிவிடும். ஆனால் முதலில் வெளிவருவது புது மழைநீரன்று. மேலிருந்து வரும் அழுத்தம் தள்ளிவிடும் பழைய நீரே. அப்போது தெரியும் கலங்கல் பெரும்பாலும் குகைவழிகளில் முன்னரே படிந்திருந்த வண்டல் கிளறுண்டதால் வருவது. பின்னர் நீரின் மின்கடத்துதிறன் (அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டுவது) குறையத் தொடங்கும். புது நீர் வந்து சேர்ந்ததற்கு அதுவே அடையாளம். மண்ணின் சேதனப் பொருளும் மலக்கிருமிகளும் இந்தப் புது நீரோடு வரும் இரண்டாவது கலங்கலோடுதான் வருகின்றன என்பதால், முதற்கலங்கல் தெளிந்ததைக் கண்டு நிம்மதியடைவது பெரும் பிழை. 1873 முதல் ஆல்ப்ஸ் மலையின் சுண்ணக்கல் ஊற்று நீரைக் குடித்துவரும் வியன்னா நகரத்தார், ஊற்றுகளிலேயே கலங்கலை இடைவிடாது அளந்து, அது மிகும்போது அந்நீரைக் குழாயில் சேர்க்காமல் வெளியே திருப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வீடு கிணறு வைத்திருக்கும் நமக்கு அந்த வசதி இல்லை; அவரவர் கிணற்றுக்கு அவரவரே காவல்.

கேள்வி (கோப்பாய்): கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றை (உரத்திலிருந்து கரைந்து வரும் நைதரசன் உப்பை) மழை ஐதாக்கிவிடாதா?

பதில்: முதலில் ஐதாக்கலாம். ஆனால் வெங்காயத்துக்கு இட்ட யூரியாவில் பயிர் எடுக்காத பங்கு செம்பாட்டு மண்ணில் தங்கியிருந்து, மழை தொடரத் தொடரக் கழுவுண்டு பின்னர் கிணற்றில் ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீரில் கைக்குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கவே கூடாது.

கேள்வி (புத்தூர்): கிணற்றை முழுதாக இறைத்துவிட்டால் சுத்தமாகுமா?

பதில்: அடிவரை இறைக்க வேண்டாம். நம் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். கலங்கல் அடங்கிய பிறகு குளோரீன் இடுங்கள், ஏனெனில் சேறு கலந்த நீரில் அதன் வலு குறைந்துவிடும். நீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதாயின் மழை ஓய்ந்த உடன் ஒரு முறையும், சில வாரங்கள் கழித்து இன்னொரு முறையும் கொடுங்கள்.