புயலில் நனைந்த செட்டிநாட்டு வீடு: கேள்வி பதில்

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, நாட்டு ஓடு சரிந்து வளவுச் (நடு முற்றப் பகுதி) சுவரெல்லாம் ஓதம். கொத்தனார் சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார். சரியா?

வேண்டவே வேண்டாம். முதலில் கூரைக்குத் தார்ப்பாய் கட்டுங்கள்; மேலே ஒழுகும்போது சுவரைத் தொட்டுப் பயனில்லை. அது செங்கலும் சுண்ணாம்புமான சுவர். உள்ளே போன ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகத்தான் வெளியேறும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டால் ஓதம் இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், இரண்டு மூன்று மழையில் பழைய பூச்சையும் பிடுங்கிக்கொண்டு பாளமாக விழும்.

ஒரு கோடையாவது காயவிடுங்கள். கதவு ஜன்னல் திறந்திருந்தால் போதும். ஹீட்டர் வைத்தால் மேல்பூச்சு வெடிக்கும். பிறகு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொருமிய இடம் வெற்றோசை தரும். அதை மட்டும் கொத்தி எடுத்து, குறைந்தது 15 நாள் ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத சலித்த மணல் 3 பங்கு கலந்து பூசுங்கள். கடுக்காய், கருப்பட்டி ஊறிய நீர் சேர்ப்பது நம் வழக்கம். ஒரு கோட் 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெடிப்பு விடும். ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கட்டும்.

கானாடுகாத்தானிலிருந்து: முட்டைப் பூச்சுச் சுவரில் (முட்டை வெள்ளைக்கரு சேர்த்த வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு) பாசி. பிளீச்சிங் பவுடர் போடலாமா?

கூடாது, சுவருக்குள் உப்பு தங்கிவிடும். மென்மையான பிரஷ், நல்ல தண்ணீர். உப்புத்தாளும் வேண்டாம், அந்த வழவழப்பு ஒருமுறை போனால் திரும்பாது.

ஆத்தங்குடிக் கல் தரை மங்கிவிட்டது, ஆசிட் ஊற்றலாமா?

நிறமே கரைந்துவிடும். சேற்றை நீரில் கழுவி, நன்றாக உலர்ந்தபின் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். ஈரம் இருக்கும்போது எண்ணெய் தடவினால் கறை நிற்கும்.

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி: பெட்டகத்தில் கணக்குப் புத்தகங்கள், போட்டோக்கள், தஞ்சாவூர் படம் எல்லாம் நனைந்துவிட்டன தம்பி.

பூஞ்சை 48 மணி நேரத்தில் வந்துவிடும், அதனால் இன்றைக்கே தொடங்குங்கள் ஆச்சி. ஒட்டிய பக்கங்களைப் பிரிக்காதீர்கள். தானாகப் பிரியும் பக்கங்களுக்கு இடையிடையே மை இல்லாத வெள்ளைத்தாளை வைத்து நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். காற்று நேராகப் படவேண்டாம். புத்தகங்கள் நிறைய இருந்தால் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் ஃப்ரீசரில் வையுங்கள், நேரம் கிடைக்கும். ஒட்டிக்கொண்ட போட்டோவை இழுக்கவேண்டாம். தஞ்சாவூர் படத்தைத் துடைக்கவே கூடாது: தங்கத் தாளுக்கு அடியிலுள்ள சுண்ணக்கலவை நீரில் இளகிவிடும். முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்து, பழுது பார்ப்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

அடுத்த புயலுக்கு முன் என்ன செய்யலாம்?

ஐப்பசிக்கு முன் தகரத் தூம்பு, முற்றத்து வடிகால், ஊருணிக்குப் போகும் வாய்க்கால் மூன்றையும் தூர் எடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை வரை தென்னையைச் சாய்த்தது; கூரையை ஒட்டிய மரக்கிளைகளைக் கழித்துவிடுங்கள். குறைந்தது நூறு நாட்டு ஓடு இருப்பில் இருக்கட்டும், அதே அளவில் புதிதாகத் தேடுவது சிரமம்.