1000 பேரில் 20 பேருக்கு எதிரணு: 2% என்று எழுதலாமா?

சோதனைக் கிட்டால் 1000 பேரைச் சோதித்ததில் 20 பேருக்கு எதிரணு (ஆன்டிபாடி, தொற்று வந்தால் உடல் உருவாக்கும் புரதம்) இருப்பதாக வந்தது, அதனால் 2% பேருக்குத் தொற்று வந்துபோனது என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே எழுதிவிடாதீர்கள். உங்கள் கிட், தொற்றே வராதவர்களில் 98.5% பேருக்குத்தான் சரியாக ‘இல்லை’ காட்டும் என்கிறீர்கள். அப்படியானால் 1000 பேரில் யாருக்குமே தொற்று வராவிட்டாலும் சுமார் 15 பேருக்குப் பொய்யாக ‘பாசிட்டிவ்’ வரும். உங்களுக்கு வந்ததே 20.

திருத்தம் எளிது. 2%இலிருந்து 1.5%ஐக் கழித்தால் 0.5%. அதை 0.885ஆல் (0.90 + 0.985 − 1, 0.90 என்பது தொற்று வந்தவர்களைக் கிட் கண்டுபிடிக்கும் அளவு) வகுத்தால் சுமார் 0.56%. அந்த 98.5 உண்மையில் 98ஆக இருந்தால் விடை பூஜ்யம்! அதனால் ஒற்றை எண் தராமல் வீச்சாகவே கொடுங்கள்.

2020 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த கோவிட் ஆய்விலும் இதே சிக்கல்தான். 3330 பேரில் 50 பேருக்குப் பாசிட்டிவ், அதாவது 1.5%. அதில் பெரும்பகுதி பொய்யாக இருக்கலாமே என்று புள்ளியியலாளர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதோடு ஃபேஸ்புக் விளம்பரம் மூலம் ஆள் சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் வந்துபோனவர்கள்தானே ஆர்வமாக வருவார்கள்?

அப்புறம், உங்கள் 1000 பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சொல்லவில்லையே. முகாமுக்குத் தாமாக வந்தவர்கள் என்றால், இந்தத் திருத்தம் மட்டும் போதாது.