மஸ்டாங் ஜிடி இந்த விலைக்குத் தகுமா? கடன் எடுத்து வாங்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி மெல்பேர்ணுக்கு வந்து மூன்று வருடம், நிரந்தர வேலை கிடைத்துவிட்டது, கலியாணம் இன்னும் இல்லை என்று எழுதியிருக்கிறார். 2016இல் 57 ஆயிரம் டொலருக்கு விற்ற ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி கார் 2024இல் 77 ஆயிரத்துக்கு வந்துவிட்டது, இன்னும் ஏறுமாம், ஏற முதல் ஏழு வருடக் கடனில் புதிதாக ஒன்றை எடுத்துவிடவா என்று கேட்கிறார்.

என் பதிலை முதலே சொல்கிறேன். கார் தகும். ஆனால் அந்தக் கடனைத் தொடாதீர்கள். பழையது ஒன்றைப் பாருங்கள். ஒரு 2016 ஜிடி, கையால் கியர் போடுவது, ஏழு வருடமாக என் வீட்டு வாசலில் நிற்கிறது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

"மஸ்டாங் மசில் காரே இல்லை, அது போனி கார்" (பெரிய என்ஜின் போட்ட முரட்டுக் கார் இல்லை, அதைவிடச் சின்ன ஸ்போர்ட்ஸ் வகை) என்று சொல்ல வருபவர்களுக்கு: கனகாலமாக நடக்கிற சண்டை அது, எனக்கும் தெரியும். முன்னுக்கு ஐந்து லீற்றர் வி8, அதாவது எட்டுச் சிலிண்டர் என்ஜின் இருக்கிறது, பின்சில்லுத்தான் தள்ளுகிறது, மிச்சிகன் மாநிலத்து ஃபிளாட் ரொக்கில் செய்து கப்பலில் வருகிறது. தம்பியின் கேள்விக்கு அவ்வளவும் காணும்.

நான் காசு கூடி வாங்கினவன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்படித்தான் எங்கள் சனம் நினைக்கிறது. 2002இலிருந்து 2017 வரை டண்டினோங் பக்கம் ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். கார்க் கதவைச் சுற்றி ஒட்டுகிற ரப்பர் பட்டி எங்கள் வேலை. சூடான ரப்பர் அச்சுக்குள்ளால் இடியப்ப உரலில் பிழிகிற மாதிரி நீளமாக வரும். அளவுக்கு வெட்டி, இரண்டு முனையையும் இன்னொரு அச்சில் வைத்துப் பொருத்த வேண்டும். அந்தப் பொருத்து சரியில்லை என்றால் மழைத்தண்ணீர் உள்ளே வரும், நூறு கிலோமீற்றர் வேகத்தில் விசில் சத்தமும் கேட்கும். நான் பதினைந்து வருடம் அந்தப் பொருத்தை விரலால் தடவிப் பார்த்தவன். இரவு வேலை. இந்த நாட்டிலேயே செய்த ஃபோர்ட் ஃபல்கனுக்கும் ஹோல்டன் கொமடோருக்கும் போனது எங்கள் ரப்பர்.

2016 ஒக்ரோபர் 7 ஆம் திகதி ஃபோர்டின் புரோட்மெடோஸ் தொழிற்சாலையில் கடைசி ஃபல்கன் இறங்கியது. நீல நிற எக்ஸ்ஆர்6. எங்கள் கன்ரீனில் டிவியைப் போட்டு எல்லோரும் நின்று பார்த்தோம். ஃபோர்ட் இந்த நாட்டில் கார் செய்யத் தொடங்கியது 1925இல், ஜீலோங்கில். தொண்ணூறு வருடத்துக்கு மேற்பட்ட தொழில் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அடுத்த வருடம் ஒக்ரோபர் 3 டொயோட்டா, 20 ஹோல்டன். அந்த வருட முடிவில் எங்கள் கதவும் பூட்டினார்கள்.

இதற்கும் மஸ்டாங் விலைக்கும் சம்பந்தம் இருக்கிறது. ஃபல்கன் நின்றதால்தான் மஸ்டாங்குக்கு இங்கே அவ்வளவு கூட்டம். அதுவரை இங்கே புது மஸ்டாங் வேண்டுமென்றால் இடப்பக்க ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றிக் கட்டத்தான் வேண்டும். தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்கோடு செய்தது 2015இல் வந்த ஆறாவது தலைமுறையில்தான். வந்த புதிதில் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள் சனம். 2017இல் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல் விற்றது. உள்ளூரில் வி8 செய்வார் இல்லை என்றான பிறகு, கப்பலில் வருவதற்கு அவர்கள் சொல்வதுதான் விலை.

ஆனால் அந்த விலை ஏற்றம் முழுக்கக் கொம்பனியின் பேராசை என்று நினைக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 2016இல் ஜிடி மனுவல் 57,490 டொலர். அந்த வருடம் எங்கள் டொலருக்கு அமெரிக்கக் காசில் சராசரியாக 74 சதம் அளவில் கிடைத்தது. 2024-25இல் 65 சதம் அளவுதான். அமெரிக்க டொலரில் போட்டால் 42 ஆயிரத்துச் சொச்சம் 50 ஆயிரமாகி இருக்கிறது. மிச்ச ஏற்றம் எங்கள் டொலர் விழுந்தது. 306 கிலோவாட்டாக இருந்த சக்தி புதியதில் 345 ஆகியிருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனியும் ஏறும் என்று சொல்பவர்கள் சும்மா சொல்லவில்லை. 2025இலிருந்து புதிய கார்களுக்குப் புகை அளவுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு கொம்பனி விற்கிற எல்லாக் கார்களும் வெளிவிடுகிற கரியமில வாயுவின் சராசரி, எல்லைக்கு மேலே போனால், கிலோமீற்றருக்குக் கூடுகிற ஒவ்வொரு கிராமுக்கும் ஒரு காருக்கு 100 டொலர் வரை தண்டம். எல்லையும் வருடா வருடம் இறுகுகிறது. பெரிய வி8 விற்கிறவன் அந்தக் காசை எங்கேயோ எடுக்கத்தான் வேண்டும். மஸ்டாங்குக்குப் போட்டியாக இருந்த அமெரிக்கக் கார்கள் கமாரோவும் சலஞ்சரும் 2023 முடிவோடு நின்றுவிட்டன. ஆகவே புதியது விலை இறங்கும் என்று காத்திருப்பதில் பிரயோசனம் இல்லை.

அப்படியென்றால் இப்போதே எடுத்தால் இலாபம்தானே என்று கேட்பீர்கள். இல்லை தம்பி. விலை ஏறுவது விற்கிறவனுக்கு இலாபம். கடனில் வாங்கி ஓடுகிற உங்களுக்கு வட்டி, இன்சூரன்ஸ், பெற்றோல் மூன்றும் மாதா மாதம் வரும். ஜிடி டவுனுக்குள் எனக்கு நூறு கிலோமீற்றருக்கு 15 லீற்றர் குடிக்கிறது. பின்பக்கம் இரண்டு ரயர் மாற்ற ஆயிரம் டொலர் எடுத்து வைப்பேன். இருபத்தாறு, இருபத்தேழு வயதில் ஜிடிக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு கேட்கிறார்கள் என்று காரைப் பார்க்கப் போக முதல் விசாரியுங்கள். அந்தத் தொகையைக் கேட்டு ஆசையை விட்ட இரண்டு பெடியன்களை எனக்குத் தெரியும்.

நான் எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன். தொழிற்சாலை பூட்டியபோது கிடைத்த காசில் ஒரு சதமும் காருக்குப் போகவில்லை. முழுக்க வீட்டுக் கடனுக்குக் கட்டினோம். அது மனைவியின் முடிவு, சரியான முடிவு. நான் ஒரு வருடம் லொறி டிப்போ ஒன்றில் வேலை செய்து, சனி ஞாயிறும் போய், கையில் காசு சேர்த்த பிறகு 2018 கடைசியில் 19 ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய ஒன்றை 52 ஆயிரத்துக்கு எடுத்தேன். முதல் சொந்தக்காரர் இரண்டாவது பிள்ளை பிறக்கிறது என்று விற்றார். எல்லோரும் பொனற்றைத் திறந்து பார்ப்பார்கள். நான் கதவைத் திறந்து ரப்பரைத் தடவினேன். கீழ்ப்பக்கம், காலை வைத்து ஏறுகிற இடத்தில், பொருத்து இருந்தது. மெல்லிய கோடு, மேடு இல்லை, பிசிர் இல்லை. கதவைச் சாத்தினேன். அந்தச் சத்தம் கேட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் லைனில் நாங்களும் இப்படித்தான் செய்தோம். இதைவிடக் குறைவாக ஒரு நாளும் செய்யவில்லை.

கார் தகுமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்த ரப்பர்தான் ஞாபகம் வரும்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும், கேள்விக்கு வெளியேதான், ஆனாலும் சொல்கிறேன். தொழிற்சாலை பூட்டியபோது வேலை தேட உதவி என்று எங்களை ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். பதினைந்து வருடம் தரம் பார்த்த மனிதனிடம், அங்கே இருந்த பிள்ளை என் விண்ணப்பத்தை வாசித்துவிட்டு, பெயர் நீளம், சுருக்கினால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்றாள். அவள் கெட்ட பிள்ளை இல்லை, அனுபவத்தில் கண்டதைத்தான் சொன்னாள். நான் சுருக்கவில்லை. என் அப்பா வைத்த பெயர். பன்னிரண்டு இடத்துக்குப் போட்டு ஒரு இடமும் கூப்பிடவில்லை. கடைசியில், தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு வியட்நாம்காரர் சொல்லித்தான் லொறி டிப்போவுக்குள் போனேன். எட்டு வருடம் ஆகிறது, இன்னும் மறக்கவில்லை.

சொகுசுக் கார் வரியையும் விட மனம் வரவில்லை. 2000ஆம் ஆண்டு கொண்டுவந்த வரி. 2024-25இல் எல்லை 80,567 டொலர், தாண்டிய பகுதிக்கு 33 சதவீதம். ஜிடியில் ஓட்டோ கியரும் ஒன்றிரண்டு மேலதிகச் சாமானும் கேட்டால் அந்தக் கோட்டுக்கு வந்துவிடும். காப்பாற்ற உள்ளூர்க் கார்த் தொழில் என்று ஒன்று இல்லாமல் போன பிறகு இந்த வரி எதற்கு? எங்கள் வேலை போனது, வரி இருக்கிறது.

ஊர்க் கணக்குப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்துக்குக் காரை முதல் முறை கொண்டுபோனபோது, வேகத்தடையில் காரின் முன் உதடு சர்ரென்று உரசியது. இறங்கிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த அண்ணை ஒருவர் பக்கத்தில் வந்து, "உந்தக் காசுக்கு சாவகச்சேரியில காணி வாங்கி விட்டிருக்கலாம், என்ன?" என்றார். தங்கச்சிமார் இருவரின் கலியாணமும், அம்மாவின் கடைசிக் காலச் செலவும், ஊர் வீட்டின் கூரையும் என் இரவு வேலைக் காசு. அதை அந்த இடத்தில் வைத்து எப்படிச் சொல்வது? "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டேன். இங்கேயும் அப்படிக் கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

பாதுகாப்பை மறைக்கக் கூடாது. 2017இல் ஆன்காப் என்கிற கார் மோதல் பாதுகாப்புச் சோதனையில் இந்தக் காருக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கிடைத்தது. தானாகப் பிரேக் பிடிக்கிற வசதி இல்லை, பின் இருக்கைக்காரருக்குப் பாதுகாப்பு போதாது. 2018இல் கொம்பனி காரில் செய்த மாற்றத்தோடு மூன்றானது. என் காரின் பின் இருக்கையில் நான் யாரையும் ஏற்றுவதில்லை. கலியாணம் கட்டிப் பிள்ளை என்று வந்தால் உங்களுக்கு இன்னொரு கார் வேண்டும், அந்தச் செலவையும் இப்போதே நினையுங்கள். விக்ரோறியாவில் பி பிளேட்காரர், அதாவது புதிதாக லைசன்ஸ் எடுத்தவர், ஓட்டவும் முடியாது. தொன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேலே போனால் தடை, ஜிடி அதை எங்கேயோ தாண்டுகிறது. என் மூத்தவன் நான்கு வருடம் சனிக்கிழமைகளில் கழுவி மட்டும் கொடுத்தான். போன மாசிதான் முழு லைசன்ஸ் எடுத்தான். ஹீல்ஸ்வில்லிலிருந்து பிளாக் ஸ்பர் வழியாக மேரிஸ்வில் வரை அவன் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். பாதையின் இரு பக்கமும் உயர்ந்த மரம், கண்ணாடியை இறக்கிவிட்டோம், மூன்றாம் கியரில் அந்தச் சத்தம் மரங்களில் பட்டுத் திரும்பி வந்தது. அவன் ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

இப்போது ஒரு வியாபாரி 48 ஆயிரம் தருகிறேன் என்கிறார். ஏழு வருடத்தில் நாலாயிரம்தான் விழுந்திருக்கிறது. புதியதின் விலை ஏறுவது பழையதைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால்தான் உங்களுக்குப் பழையதைச் சொல்கிறேன். 2018 மாற்றத்துக்குப் பிந்தியது கிடைத்தால் இன்னும் நல்லது. பாதிக் காசாவது கையில் சேரும்வரை பொறுங்கள்.

பார்க்கப் போகும்போது பின் ரயரின் உட்பக்கத்தைக் குனிந்து பாருங்கள், தேய்வு அங்கேதான் ஒளிந்திருக்கும். சேர்விஸ் புத்தகத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மனுவல் என்றால் குளிரில் இரண்டாம் கியர் கொஞ்சம் இறுக்கமாக விழும், அது இந்தக் காரின் குணம். ஆனால் அரைக்கிற சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். விடியற்காலை போங்கள். நான் வந்த பிறகுதான் என்ஜினை ஸ்ராட் பண்ண வேண்டும் என்று விற்கிறவருக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் பொனற்றில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.