அமெரிக்க வரித் தாக்கலில் முந்தைய ஆண்டு வருமானத்தைக் காட்டி இஐடிசி கேட்கலாமா?

இஐடிசி என்பது குறைந்த, நடுத்தர வருமானத்தில் உழைப்பவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் வரிக் கிரெடிட், வரியை அடைத்தபின் மீதி ரீஃபண்டாகக் கைக்கு வரும். கேட்டவர் சொன்ன விவரம் இது: கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள், எல்லாருக்கும் எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) உண்டு. 2024-இல் இருவர் சம்பளமும் சேர்ந்து 70,000 டாலர். 2025-இல் வேலை போனதால் சம்பளம் 27,000, வேலையில்லா உதவித்தொகை 9,000. "போன வருஷ வருமானத்தைப் போட்டால் கிரெடிட் கூடுதலாக வரும்" என்று நண்பர் சொல்கிறார், ஃபார்மில் அதை எங்கே எழுதுவது என்பதுதான் கேள்வி.

எங்கேயும் எழுத முடியாது. 2025-க்கான தாக்கலில் அந்தச் சலுகை இல்லை. 2022, 2023, 2024-க்கும் இருக்கவில்லை. உங்கள் கணக்கைப் பார்த்தால், அது இருந்திருந்தாலும் உங்களுக்கு நஷ்டம்தான். ஏன் என்பதைக் கீழே எண்களோடு சொல்கிறேன்.

நண்பர் சொன்னது கட்டுக்கதை இல்லை. இஐடிசி கிரெடிட்டின் அமைப்பே ஒரு மலை மாதிரி: உழைத்துச் சம்பாதித்த வருமானம் ஏற ஏறக் கிரெடிட்டும் ஏறும், ஓர் உச்சியில் கொஞ்ச தூரம் சமமாகப் போகும், பிறகு சரிந்து பூஜ்யமாகும். வேலை போய்ச் சம்பளம் மிகவும் குறைந்தவருக்கு, கை நீட்ட வேண்டிய அந்த ஆண்டிலேயே கிரெடிட்டும் சுருங்கிவிடும். பேரிடர் வந்தபோதெல்லாம் நாடாளுமன்றம் இந்த ஓட்டையைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. 2005-இல் கத்ரீனா புயலால் பாதிக்கப்பட்டவர்கள் 2004 வருமானத்தை வைத்துக் கணக்கிடலாம் என்றார்கள். 2017-இல் ஹார்வி, இர்மா, மரியா புயல்களுக்கு 2016 வருமானம். கொரோனா வந்தபோது முதல்முறையாக நாடு முழுக்க எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் இரண்டே தாக்கல்களுக்கு, அதுவும் இரண்டு வேறு விதிகளோடு. குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

2020 தாக்கலுக்கான விதி 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான சட்டத்தில் வந்தது. 2019 உழைப்பு வருமானம் 2020-ஐவிட அதிகமாக இருந்தால், இஐடிசிக்கும் ஏசிடிசிக்கும் (குழந்தை கிரெடிட்டில் வரியை அடைத்தபின் ரீஃபண்டாக வரும் பகுதி) 2019 தொகையைப் பயன்படுத்தலாம். வருமான வரித் தாக்கலுக்கான 1040 ஃபார்மில் 27-ஆம் வரிக்குப் பக்கத்துப் புள்ளிக்கோட்டில் 'பிஒய்இஐ' என்ற நான்கு எழுத்தையும் தொகையையும் எழுத வேண்டியிருந்தது.

2021 தாக்கலுக்கு 2021 மார்ச் 11 அன்று கையெழுத்தான அமெரிக்கன் ரெஸ்க்யூ பிளான் சட்டம் அனுமதி கொடுத்தது. இங்கேயும் பயன்படுத்த வேண்டியது 2019 வருமானம்தான், 2020 அல்ல. 'முந்தைய ஆண்டு' என்ற பெயரை நம்பி 2020 தொகையை எழுதியிருந்தால் அது தவறு. ஃபார்மில் 27சி என்று தனி வரியே கொடுத்து 2019 என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த ஆண்டில் இந்தத் தெரிவு இஐடிசிக்கு மட்டும். ஏசிடிசிக்குத் தேவைப்படவில்லை, காரணம் அமெரிக்காவில் பாதி ஆண்டுக்கு மேல் குடியிருந்தவர்களுக்கு 2021-இல் குழந்தை கிரெடிட் முழுவதும் வருமானமே இல்லாவிட்டாலும் கைக்கு வந்தது.

2020-க்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாய், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் முறையில் தாக்கல். 2019 சம்பளம் 22,000. 2020-இல் சம்பளம் 6,000, வேலையில்லா உதவித்தொகை 12,000. உதவித்தொகை வருமானம்தான், ஆனால் உழைப்பு வருமானம் ஆகாது. ஆகவே 2020 தொகைப்படி இஐடிசி 6,000-இல் 40 சதவீதம், அதாவது 2,400. ஏசிடிசி 2,500-க்கு மேற்பட்ட 3,500-இல் 15 சதவீதம், 525. கூட்டினால் 2,925 டாலர். 2019 தொகையைத் தெரிவு செய்தால் இஐடிசி சுமார் 5,358: உச்சத் தொகையான 5,920-இலிருந்து, 19,330-ஐத் தாண்டிய 2,670 டாலருக்கு 21.06 சதவீதம் கழித்தால் வருவது. ஏசிடிசி பிள்ளைக்கு 1,400 என்ற உச்சவரம்பில் 2,800. கூட்டினால் 8,158. ஒரே தெரிவில் 5,233 டாலர் வித்தியாசம். வாடகை பாக்கியோடு நிற்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. (வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் அட்டவணை 50 டாலர் அடுக்குகளில் இருப்பதால் சில டாலர் முன்பின் இருக்கும்.)

இப்போது அதே தாய் 2019-இல் 46,000 சம்பாதித்து, 2020-இல் 15,000-க்கு இறங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,000 என்பது உச்சியில் நிற்கும் தொகை: இஐடிசி 5,920, ஏசிடிசி 1,875, மொத்தம் 7,795. 46,000-ஐப் போட்டால் மலையின் மறுபக்கச் சரிவு: இஐடிசி வெறும் 303, ஏசிடிசி 2,800, மொத்தம் 3,103. 'பெரிய வருமானம், பெரிய கிரெடிட்' என்று கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்திருந்தால் 4,692 டாலர் போயிருக்கும். சட்டம் தெரிவுக்கு இடம் கொடுத்ததே தவிர, லாபத்துக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை. இரண்டு விதமாகவும் முழுத் தாக்கலையும் போட்டு, கடைசி ரீஃபண்ட் வரியை ஒப்பிடுவதுதான் ஒரே வழி. ஒரு கிரெடிட்டை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் இந்த இடத்தில்தான் தவறினார்கள்.

பலர் சறுக்கிய இன்னோர் இடம், 2019 தொகையாக எதை எழுதுவது என்பது. ஏஜிஐயை, அதாவது எல்லா வருமானத்தையும் கூட்டிச் சில கழிவுகள் போக வரும் தொகையை எழுதினார்கள். அது அல்ல. உழைப்பு வருமானம் என்றால் நிறுவனம் தரும் சம்பளப் படிவமான டபிள்யூ-2-இன் ஒன்றாம் பெட்டிச் சம்பளமும், சுயதொழில் இருந்தால் அதன் நிகர லாபத்திலிருந்து சுயதொழில் வரியில் பாதியைக் கழித்த தொகையும். வட்டி, வாடகை, ஓய்வூதியம், சோஷியல் செக்யூரிட்டி, வேலையில்லா உதவித்தொகை எதுவும் சேராது. கூட்டுத் தாக்கலில், 2019-இல் திருமணமே ஆகியிருக்காவிட்டாலும் இருவருடைய 2019 உழைப்பு வருமானத்தையும் கூட்ட வேண்டும். ஒருவருடையதை மட்டும் எடுத்தால் எண் தப்பும்.

அதோடு, தெரிவு செய்தால் மாறுவது உழைப்பு வருமானம் ஒன்றுதான். அந்த ஆண்டின் ஏஜிஐ அப்படியே நிற்கும். ஏஜிஐ சரிவு தொடங்கும் எல்லையைத் தாண்டியிருந்தால் இரண்டு எண்ணுக்கும் கிரெடிட் பார்த்து, குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். முதலீட்டு வருமான வரம்பும் (2020-க்கு 3,650, 2021-க்கு 10,000) அந்தந்த ஆண்டுக்கே பார்க்கப்பட்டது.

பிழையான தொகை எழுதினால் அதைக் கணக்குப் பிழையாகவே கருதலாம் என்று சட்டம் சொன்னது. அதாவது தணிக்கை எதுவும் இல்லாமலே ஐஆர்எஸ் திருத்திவிட்டு, சிபி11 அல்லது சிபி12 கடிதம் அனுப்பலாம். அப்படி ஒரு கடிதம் வந்தால் 60 நாளுக்குள் மறுப்புத் தெரிவிப்பது மிக முக்கியம். அந்தக் கெடுவுக்குள் எழுதினால் திருத்தத்தை அவர்கள் ரத்து செய்து, முறையான வழியில்தான் மறுபடி வர வேண்டும். கெடு போனால் வரி நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையும் போய்விடும்.

அப்போது விட்டுவிட்டவர்கள் இப்போது 1040-எக்ஸ் (திருத்தத் தாக்கல்) போடலாமா என்றால், பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது. ரீஃபண்ட் கேட்க மூன்று ஆண்டுதான். 2020 தாக்கலுக்கான கெடு 2024 மே 17-இல் முடிந்தது. 2021-க்குப் பெரும்பாலோருக்கு 2025 ஏப்ரலோடு சரி. 'பழைய கிரெடிட்டை மீட்டுத் தருகிறேன், சதவீதம் கொடுங்கள்' என்று வருபவரிடம் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

உங்கள் நண்பருக்குக் குழப்பம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2024 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபை 357-70 என்ற வாக்கில் ஒரு வரி மசோதாவை நிறைவேற்றியது. குழந்தை கிரெடிட்டுக்கு 2024, 2025 ஆண்டுகளில் முந்தைய ஆண்டு வருமானத்தைப் பயன்படுத்தலாம் என்ற பிரிவு அதில் இருந்தது. செய்திகளில் அடிபட்டது, காணொளிகள் வந்தன. ஆனால் ஆகஸ்ட் 1 அன்று செனட்டில் தேவையான 60 வாக்கு கிடைக்காமல் நின்றுபோனது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பெரிய வரிச் சட்டம் குழந்தை கிரெடிட்டை 2,200 ஆக்கியது, ஆனால் இந்தச் சலுகையைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலை போவதற்குப் புயலோ தொற்றோ காரணமாக இருந்தால்தான் கஷ்டம் என்றில்லை.

இனி உங்கள் 2025 கணக்கு. கூட்டுத் தாக்கல், இரண்டு பிள்ளைகள் என்றால் இஐடிசி உச்சம் 7,152. உழைப்பு வருமானம் 17,880-இல் அந்த உச்சியைத் தொடும், 30,470-இல் சரிவு தொடங்கும், 64,430-இல் முடிந்துவிடும். உங்கள் 27,000 உச்சியில் இருக்கிறது. ஆனால் உதவித்தொகையையும் சேர்த்தால் ஏஜிஐ 36,000. எல்லையைத் தாண்டிய 5,530 டாலருக்கு 21.06 சதவீதம் கழித்தால் சுமார் 5,987. இரண்டில் குறைந்ததுதான் உங்களுக்கு, அதாவது 5,987. நண்பர் சொன்னபடி 2024-இன் 70,000-ஐப் போட முடிந்திருந்தால் அது 64,430-ஐத் தாண்டிவிட்டதால் இஐடிசி பூஜ்யம்.

குழந்தை கிரெடிட் 4,400. உங்கள் வரிக்குரிய வருமானம் நிலைக் கழிவான (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 31,500 போக 4,500, அதற்கு வரி சுமார் 450. கிரெடிட்டில் அந்த 450 வரியை அடைத்துவிடும். மீதியில் ரீஃபண்டாக வரக்கூடியது பிள்ளைக்கு 1,700 வீதம் 3,400. உழைப்பு வருமானக் கணக்கின்படி (24,500-இல் 15 சதவீதம்) 3,675 வரை இடம் இருப்பதால் 3,400 முழுதும் கிடைக்கும். சம்பளத்தில் பிடித்த வரி தனியாகத் திரும்பும்.

இவ்வளவு நாள் நல்ல சம்பளத்தில் இருந்து இஐடிசி என்ற பெயரையே கேட்டிராதவர்கள், வருமானம் விழுந்த ஆண்டில் முதல்முறையாகத் தகுதி பெறுவது சாதாரணம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. உடல்நலக் குறைவால் வேலையை விட்டவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: நிறுவனத்தின் திட்டத்திலிருந்து வரும் ஊனமுற்றோர் ஓய்வுத்தொகை, அத்திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வு வயது வரை உழைப்பு வருமானமாகவே கருதப்படும். அரசு தரும் ஊனமுற்றோர் உதவித்தொகையான எஸ்எஸ்டிஐ அப்படி அல்ல.

நம் ஆட்களுக்குக் குறிப்பாக ஒன்று. எச்-4 (வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான) விசாவில் வந்து மனைவியோ கணவனோ ஐடின் (எஸ்எஸ்என் பெற முடியாதவர்களுக்கான வரி எண்) மட்டும் வைத்திருந்தால், கூட்டுத் தாக்கலில் இஐடிசி கிடையாது. இருவருக்கும், கணக்கில் காட்டும் பிள்ளைகளுக்கும் வேலைக்குச் செல்லுபடியாகும் எஸ்எஸ்என் வேண்டும், அதுவும் தாக்கல் கெடுவுக்கு முன் வழங்கப்பட்டிருக்க வேண்டும். குழந்தை கிரெடிட்டுக்கு விதி சற்று தளர்வு: 2025 முதல் பிள்ளைக்கும் பெற்றோரில் ஒருவருக்காவதும் இருந்தால் போதும். ஆண்டில் ஒரு பகுதி நான்ரெசிடெண்ட்டாக (வரிச் சட்டப்படி அமெரிக்காவில் வசிப்பவராகக் கருதப்படாதவராக) இருந்தவர்கள் முதலில் அந்த நிலையைச் சரிபாருங்கள், பொதுவாக இஐடிசிக்கு அது தடை.

சுயதொழில் செய்பவர்கள் கிரெடிட்டைக் கூட்டுவதற்காகச் செலவைக் காட்டாமல் விடுவதும், இல்லாத வருமானத்தைச் சேர்ப்பதும் கூடாது. உண்மையான எல்லாச் செலவையும் கழித்தே ஆக வேண்டும் என்பது விதி. அலட்சியமாகத் தவறினால் இரண்டு ஆண்டும், மோசடி என்று தீர்மானித்தால் பத்து ஆண்டும் இஐடிசி கேட்கத் தடை வரும்.

தாக்கலோடு இஐடிசிக்கான ஷெட்யூல் இஐசி, குழந்தை கிரெடிட்டுக்கான ஷெட்யூல் 8812 ஆகிய இரண்டு படிவங்களையும் இணையுங்கள். பிள்ளைகள் உங்களோடு பாதி ஆண்டுக்கு மேல் அமெரிக்காவில் வசித்ததற்குப் பள்ளி அல்லது மருத்துவரின் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள், கேட்டால் கொடுக்க. இந்த இரண்டு கிரெடிட் இருக்கும் தாக்கலுக்குப் பிப்ரவரி நடுவுக்கு முன் ஐஆர்எஸ் பணம் விடுவிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஜனவரியிலேயே போட்டாலும் அதற்குப் பிறகுதான் வரும், ஆகவே வாடகைக்கு அந்தப் பணத்தை நம்பித் தேதி சொல்லும்போது மார்ச் முதல் வாரம் என்றே சொல்லுங்கள்.