தாய் எலி நக்கிக் கொடுப்பதால் குட்டியின் சுபாவமே மாறும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அதுவும் பிறந்த முதல் வாரத்தில் நடப்பதே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மீனி குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. எல்லாத் தாய் எலிகளும் பால் கொடுக்கும். ஆனால் சில, குட்டிகளை ஓயாமல் நக்கிக் கொடுக்கும். சில ஏனோதானோவென்று இருக்கும். (நக்கினால்தான் சின்னக் குட்டிக்குச் சிறுநீரே வெளியேறும், அதனால் அடியோடு விட்டுவிடுவதில்லை.) நிறைய நக்கப்பட்டவை வளர்ந்த பிறகு புது இடத்தில் அவ்வளவாக மிரளுவதில்லை. மன அழுத்த ஹார்மோனும் அளவாகச் சுரந்து சீக்கிரம் அடங்கிவிடுகிறது.

சரி, இது வெறும் பரம்பரைக் குணமாக இருக்கலாமே? அவர்களும் அப்படிச் சந்தேகப்பட்டுத்தான் பிறந்த குட்டிகளைத் தாய் மாற்றி வளர்க்க விட்டார்கள். குட்டிகள் பெற்றவளைப் போல அல்ல, வளர்த்தவளைப் போல ஆயின. பெண் குட்டிகள் தாயானதும் வளர்த்தவள் பாணியிலேயே தம் குட்டிகளை நக்கின! எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

காரணத்தின் ஒரு பகுதி 2004-ல் வெளியானது. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் அந்த மன அழுத்த ஹார்மோனை உணர்ந்து 'போதும்' என்று சொல்லும் ஏற்பிகள் உண்டு. குறைவாக நக்கப்பட்ட குட்டிகளில் அந்த ஏற்பிக்கான மரபணுமீது மீத்தைல் குறிகள் (மரபணுவின் வேலையை அடக்கும் வேதிக் குறிகள்) அதிகம்; மரபணு அதேதான், ஆனால் குறைவாக வேலை செய்கிறது. வளர்ந்த எலிகளின் மூளையில் ஒரு மருந்தைச் செலுத்தி இதை மாற்றவும் முடிந்தது.

ஆனால் குறைவாக நக்குபவளை மோசமான தாய் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். கர்ப்பத்தில் தொல்லைப்பட்ட தாய்களும் குறைவாகவே நக்குகின்றன. ஆபத்து நிறைந்த சூழலில் சற்று மிரளும் குட்டி பிழைக்கவும் வாய்ப்பு உண்டு.