யார் யாரை எழுப்புகிறார்? ஃபிரெஞ்சு வகுப்புக்கு ஒரு வழி

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு ஃபிரெஞ்சு நடத்துகிறேன். ‘ஸெ’ (தன்னை) சேரும் வினைகளைத் தினசரி அட்டவணையாகவே சொல்லித்தருகிறோம். மறுவாரமே ‘மெ’ (என்னை), ‘தெ’ (உன்னை) எல்லாம் காணாமல் போகின்றன. வீட்டு வேலைப் பகிர்வை வைத்து நடத்தலாமா?
– ஓர் ஆசிரியை, புதுச்சேரி

பதில்: தாராளமாக. அட்டவணையில் எல்லா வினையும் ‘ஸெ’யோடுதான் வரும். அது இல்லாவிட்டால் பொருள் எப்படி மாறும் என்று பார்க்கவே இடமில்லை.

கரும்பலகையை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ரெவெய்யே (எழுப்பு), லவே (கழுவு), அபியே (உடுத்திவிடு), கூஷே (படுக்கவை). வலப்பக்கம் அதே வினைகள் ‘ஸெ’யோடு. ‘மமான் ரெவேய் லான்ஃபான்’ என்றால் அம்மா பிள்ளையை எழுப்புகிறாள். ‘லான்ஃபான் ஸெ ரெவேய்’ என்றால் பிள்ளை தானே எழுகிறது. தமிழ் படித்தவர்களுக்குப் பிறவினை, தன்வினை என்றால் சட்டென்று பிடிபடும். ஆனால் ‘ஸொக்யூபே’ (கவனித்துக்கொள்), ‘ஸெ ஸூவ்னீர்’ (நினைவுகூர்) போன்றவை இந்தக் கணக்குக்குள் அடங்கா. அவற்றைப் பின்னால் தனியாக நடத்துங்கள்.

அடுத்து, ஒரு குடும்பத்தின் காலைப்பொழுதை ஆறு வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள், பக்கத்துக்கு மூன்று. சொந்த வீடாக இருக்க வேண்டியதில்லை. கற்பனைக் குடும்பம் என்றால் யாருக்கும் சங்கடமில்லை. பிறகு இடப்பக்க எழுவாய்களை எண்ணுங்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தால் விவாதம் தானாகத் தொடங்கிவிடும்.

தீர்வு சொல்லும்போது ‘நூ தெவோன் நூ பார்தாஜே லே தாஷ்’ (வேலைகளை நாம் பகிர்ந்துகொள்ள வேண்டும்) என்ற அமைப்பு கட்டாயம் வரட்டும். வினை மூலவடிவில் நின்றாலும் அதன் முன்னால் வரும் ‘ஸெ’ எழுவாய்க்கு ஏற்ப மாறும். இங்கே ‘ஸெ பார்தாஜே’ என்று எழுதுவதுதான் அடிக்கடி வரும் பிழை. ‘நூ நூ லெவோன்’ (நாம் எழுகிறோம்) என்பதில் ஒரு ‘நூ’வைத் தவறாக இரட்டித்ததாக நினைத்து அடித்துவிடுவார்கள், கவனியுங்கள். எதிர்மறையில் ‘நெ’ முன்னே, ‘மெ’ அடுத்து: ‘ஜெ நெ மெ லேவ் பா’ (நான் எழுவதில்லை). உடலுறுப்பு வந்தால் ‘லே மேன்’ (கைகள்)தான்; ‘மே மேன்’ (என் கைகள்) எழுதினால் மதிப்பெண் போகும்.

கேள்வி: ‘எல் ஸே லவே’யில் (அவள் தன்னைக் கழுவிக்கொண்டாள்) பெண்பாலுக்கு ஓர் எழுத்துக் கூடுகிறது. ‘எல் ஸே லவே லே மேன்’ (அவள் கைகளைக் கழுவிக்கொண்டாள்) என்றால் ஏன் கூடவில்லை?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், சென்னை

பதில்: முதலாவதில் ‘ஸே’க்குள் இருக்கும் ‘ஸெ’தான் செயப்படுபொருள், அது வினைக்கு முன்னால் நிற்பதால் வினை அதோடு இயைகிறது. இரண்டாவதில் செயப்படுபொருள் கைகள். அவை பின்னால் வருகின்றன, எனவே இயைபு இல்லை. உச்சரிப்பில் வித்தியாசம் தெரியாது, எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.