கல்மண்டபம் கார்னர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தோனி வெறியன். பால் பாக்கெட் விலை, பஸ் நம்பர் என எது கண்ணில் பட்டாலும் கூட்டி ஏழாக்கி 'தல' என்று போட்டுவிடுகிறான். மருந்து உண்டா? (வாசகி, பாரிமுனை)

பதில்: புகார் வரும் இடமே சரியில்லையே அம்மா! பாரிமுனை பின்கோடு 600001. கூட்டிப் பாருங்கள், ஏழு. ஜூலை 7-ல் பிறந்து 7-ஆம் நம்பர் சட்டை போட்டவருக்கு உங்கள் முகவரியே ஓட்டுப் போட்டுவிட்டது. எங்கள் ராயபுரம் 600013, பத்துதான் தேறுகிறது. விடுவேனா? ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் கிளம்பியது 1856 ஜூலை 1. ஜூலை எத்தனையாவது மாதம்? ஆங்!

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை, ஊர்ப் பெயர்களையும் எண்ணினேன். புள்ளி எழுத்தையும் சேர்த்தால் திருவொற்றியூர் கச்சிதமாக ஏழு. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை மூன்றுமே எட்டு. பேட்டைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், ஜடேஜா நம்பர் எட்டுதான். மருந்து கேட்டீர்கள் அல்லவா? அவனுக்கு முன்னால் நீங்களே காலையில் ஒரு ஏழைக் கண்டுபிடித்துப் போட்டுவிடுங்கள். பையன் வேலை இல்லாமல் தவிப்பான்.

கேள்வி: கேரமில் ரெட்டுக்கு எத்தனை பாயின்ட்? ஆன்லைனில் சேர்ந்து ஆடும் நாங்கள் நாலு பேரும் நாலு ஊர், நாலு கணக்கு. (வாசகர், காசிமேடு)

பதில்: சர்வதேச விதிப்படி மூன்று. ரெட்டைப் போட்ட கையோடு சொந்தக் காய் ஒன்றைப் போட்டு ஃபாலோ காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். ஆட்டம் 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு. தெருவில் கதையே வேறு. எங்கள் பக்கம் கறுப்பு 5, வெள்ளை 10, ரெட் 50. தலைக்கு மேல் குண்டு பல்பு, விரலெல்லாம் பவுடர், பக்கத்தில் நின்று "கட் அடி, கட் அடி" என்று உயிரை வாங்கும் ஒரு பெரியவர். அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை.

இந்த ஆட்டத்தில் சென்னை சும்மா இல்லை, தெரியுமா? மரிய இருதயம் 1991, 1995 இரண்டு முறை உலக சாம்பியன், 1996-க்கான அர்ஜுனா விருதும் அவருக்கு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளிய காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், நம் வடசென்னைப் பெண். ஆகவே ஃபோனில் விரலைத் தேய்த்துவிட்டு "நானும் கேரம் பிளேயர்" என்பவரை நான் சேர்த்துக்கொள்வதில்லை.

கேள்வி: இணையத்தில் பழகிய கோவை நண்பர் முதல்முறை நேரில் வந்தார். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ வாங்கிக் கொடுத்தேன். தக்காளி சாஸ் கேட்டார். நட்பைத் தொடரலாமா? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: கடைக்காரர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தாலே பாவமாக இருக்கிறது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டு அவர் கையாலேயே பிசைந்து தருகிறார், கூடவே வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த ருசி அது, சாஸுக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் கோவைக்காரர், மரியாதையாகத்தான் கேட்டிருப்பார். முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் அடைத்துத் தருவார்களே, அதில் இரண்டை அவர் செலவில் வாங்கித் தரச் சொல்லி மன்னித்துவிடுங்கள்.

கேள்வி: மெட்ரோவில் விம்கோ நகர் என்று அறிவிக்கிறார்களே, விம்கோ என்பவர் பழைய தலைவர் என்று அடித்துச் சொல்கிறான் நண்பன். உண்மையா? (வாசகர், மணலி)

பதில்: வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதன் சுருக்கம்தான். திருவொற்றியூரில் இருந்த தீப்பெட்டித் தொழிற்சாலை. 2021-ல் மெட்ரோ அங்கே வரை போனது. நண்பரிடம் தலைவரின் பிறந்தநாளைக் கேட்டு எழுதுங்கள், நானும் மாலையோடு வருகிறேன்.